அரை மணி நேரம் டீ குடிக்கக் கூடாது

அருவங்காடு குவார்ட்டர்ஸ்
20 ஆகஸ்ட் 2023, ஞாயிறு

ஜெர்சன் மாமாவுக்கு,

'கர்த்தருக்குள் அன்பான'னு ஆரம்பிக்கலாம்னு பார்த்தேன். கர்த்தரை எதுக்கு இதுல இழுக்கறதுனு விட்டுட்டேன். நல்லா இருக்கீங்களா? திருப்பூர் வெயில் ஒத்துக்குதா?

ஏன் கடுதாசினு சிரிக்காதீங்க. ஜூலையில நான் அந்த விஷயத்தைச் சொன்ன அன்னிக்கு, வாட்ஸ்அப்புல நீங்க மெசேஜ் போட்டுப் போட்டு அழிச்சீங்க. ஸ்கிரீன் பூரா 'அழிக்கப்பட்டது', 'அழிக்கப்பட்டது'. அதுல என்ன இருந்துச்சுனு யோசிச்சே எனக்குத் தலை வெடிக்குது. பேப்பர்னா அழிக்க முடியாது. அடிச்சாலும் வெளிச்சத்துல புடிச்சுப் படிச்சுடுவேன்! அதனால இனி நமக்குத் தபால்தான்.

நடந்தது உங்களுக்கே தெரியும். தேயிலை விலை விழுந்துச்சு, டீ பேக்டரியை மூடுனாங்க, நீங்க திருப்பூர் போனீங்க, சண்டை போட்டு, கட்டின பொண்டாட்டி என்னையே பிளாக் பண்ணீங்க. நான் வேலை பார்த்த மொபைல் கடையில, கூட வேலை பார்த்த ஆதித்யாகிட்ட அழுதேன். அழுததோட நிக்கல. அப்புறம் ஈஸ்டருக்கு நீங்க சமாதானமாகி வந்தீங்க. எல்லாம் ஒரே மாசத்துக்குள்ள. வயித்துல இருக்கறது யாரோடதுனு எனக்கே தெரியலங்க.

டெஸ்ட் எடுத்துடலாம். குன்னூர் லேப்புல போய் விசாரிச்சேன். ஸ்வேதானு ஒரு பொண்ணு, என் வயசுதான் இருக்கும். வயித்துல இருக்கறப்பவே பார்க்க முடியாதானு கேட்டேன். "கோர்ட்டு உத்தரவு இல்லாம நாங்க செய்ய மாட்டோங்க்கா, பொறக்கட்டும்"னுட்டா. ஆனா அப்பாவோட சாம்பிளை முன்னாடியே கொடுத்து வெச்சுடலாமாம். பஞ்சு வெச்ச குச்சி, கன்னத்து உள்பக்கம் தேய்ச்சா போதும். காய வெச்சுப் பத்திரமா வெச்சுக்குவாங்க. குழந்தை பொறந்ததும் அதோட கன்னத்துலயும் எடுத்து ஒத்துப் பார்ப்பாங்க.

பொறந்த பின்னாடியே கொடுத்தா என்னனு கேப்பீங்க. ஒரு தடவை குழந்தையைக் கையில வாங்கிட்டீங்கன்னா அவ்வளவுதான். ரோட்டுல கெடந்த நாய்க்குட்டியை ஜெர்கினுக்குள்ள போட்டுட்டு வந்த ஆளுதானே நீங்க! 'டெஸ்ட் எதுக்கு, விடு'ம்பீங்க. அப்புறம் புள்ளை பரீட்சையில ஃபெயிலாகற அன்னிக்கு, 'என் ரத்தமா இருந்தா இப்படி ஆகுமா'னு ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துட்டே என்னால வாழ முடியாதுங்க. கோவம் இருக்கறப்பவே கொடுத்துடுங்க.

ஒரே ஒரு கண்டிஷன். குச்சி வைக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒண்ணும் சாப்பிடக் கூடாது, டீ குடிக்கக் கூடாது. கேட்டதும் சிரிச்சுட்டேன், ஸ்வேதா முறைச்சா. அவளுக்கென்ன தெரியும், பேக்டரியில டீத்தூள் எறங்க எறங்க ருசி பார்த்து நாக்கே கறுத்துப் போன ஆளைப் பத்தி!

நம்ம மலைப் பஸ் ரசிகர் குரூப்புல எல்லாரும் துக்கத்துல இருக்காங்க. உங்க ஊர் எமரால்டு ரூட்டுல வண்டியை மாத்திட்டாங்க. புது வண்டி ஹாரன் ஆட்டுக்குட்டியாட்டக் கத்துது. நாம முதல் தடவை சண்டை போட்டதே அந்தப் பழைய வண்டி ஹாரனைப் பத்தித்தானே, கமெண்ட்ல?

பதில் போடுங்க.
கெஸியா


திருப்பூர்
3 செப்டம்பர் 2023

கெஸி,

கடுதாசி கிடைச்சுது. ரூம்ல பசங்க வாங்கி வெச்சுட்டு, "மாப்ள, புறா கொண்டாந்துச்சாடா?"னு ஓட்டித் தள்ளிட்டானுங்க. பாத்ரூம்ல போய்ப் படிச்சேன்.

அழிச்ச மெசேஜ்ல என்ன இருந்துச்சுனு கேட்டியே. 'சாப்பிட்டியா.' அதான். அனுப்புனதும் எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அவ எவ்வளவு பெரிய விஷயம் சொல்லியிருக்கா, இவன் சோத்தைப் பத்திக் கேக்கறானேனு அழிச்சேன். வேற என்ன எழுதறதுனு தெரியாம திரும்ப அதையே போட்டேன். திரும்ப அழிச்சேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் வேற. அதை எழுத மாட்டேன்.

அவன் பேரை இனிமே எழுதாதே. படிக்கறப்ப அந்த எடத்துல காயிதத்தை மடிச்சு வெச்சுட்டுத்தான் படிச்சேன்.

நீ சொல்றது சரிதான். எனக்கும் தெரியணும். குச்சியை அனுப்பு.

இங்க பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. ஓட்டை, கறை பார்த்துப் பார்த்துத் தள்ளணும். இப்பல்லாம் ஆளுகளைப் பார்த்தாலும் கறை எங்க இருக்குனுதான் கண்ணு போகுது. அதனால கண்ணாடி பார்க்கறதில்ல.

டீ இங்க வாயில வைக்க முடியல. சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடு.

ஜெர்சன்


அருவங்காடு
8 அக்டோபர் 2023

மாமா,

கவர் உள்ள ரெண்டு குச்சி இருக்குது. பஞ்சுல கை படக் கூடாது. காலையில எந்திரிச்சதும் வெறுந்தண்ணியில வாயைக் கொப்புளிச்சுட்டு, அரை மணி நேரம் சும்மா உட்காருங்க. அப்புறம் ஒரு கன்னத்துக்கு ஒரு குச்சி, நல்லா அழுத்தித் தேய்ங்க. காய விட்டு, பேப்பர் கவர்ல போடுங்க, பிளாஸ்டிக் ஆகாதாம். நான் என் கன்னத்துல ஒரு குச்சியை வெச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன் (இது இல்ல, வேற!). வலிக்காது. கூச்சமா இருக்கும்.

உங்கம்மா எமரால்டுலேருந்து வந்தாங்க. காரட், பீட்ரூட்டு, ஒரு மூட்டை. வந்த உடனே என் மூஞ்சியைப் பார்த்து, "ஏங்கண்ணு வாடிக் கெடக்கற? அவன் போன் பண்றானா?"

"பண்றாருங்க அத்தை."

"பொய் சொல்லாத. என்கிட்டயே பண்றதில்ல, உங்கிட்டப் பண்ணிருவானாக்கும்?"

எங்கம்மா சமையக்கட்டுலேருந்து, "ரெண்டு பேரும் கடுதாசி எழுதிக்கறாங்க சம்மந்தி, காதலிக்கறாங்களாமா!"னு கத்துச்சு. அம்மாவுக்கு இந்த விஷயம் ஒண்ணும் தெரியாது. ரெண்டு அம்மாவும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

நம்ம அரை ஏக்கர் தேயிலையைப் பத்திக் கேட்டேன். "பறிச்சா கூலிக்கே கட்டல கண்ணு, அப்படியே விட்டுட்டேன். செடியெல்லாம் மரமாட்ட நிக்குது. என் பேரன் வந்து ஏறி வெளையாடட்டும்"னு வயித்து மேல கை வெச்சாங்க. அந்த நேரம் பார்த்து உள்ள ஒரு உதை! அத்தை கத்திட்டாங்க, "ஜெர்சனும் இப்படித்தான் ஒதைப்பான்!"

நான் போய் வாஷ்பேசின்ல மூஞ்சியைக் கழுவிட்டு வந்தேன்.

சீக்கிரம் அனுப்புங்க மாமா. அத்தையோட கையை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது.

கெஸியா


திருப்பூர்
5 நவம்பர் 2023

கெஸி,

குச்சி ரெண்டும் இதுக்குள்ளயே இருக்குது. தேய்ச்சதுதான். ஆனா டீ குடிச்சுட்டுத் தேய்ச்சேன். மறந்து இல்ல, தெரிஞ்சேதான்.

காலையில வாய் கொப்புளிச்சுட்டு உட்கார்ந்தேன். குச்சியைக் கையில எடுத்தேன். நீ எழுதின உதை ஞாபகம் வந்துச்சு. வெச்சுட்டு எந்திரிச்சுப் போய் முக்குக் கடையில ஒரு டீ சொன்னேன். சாக்கடைத் தண்ணி. இருந்தாலும் இன்னொண்ணு சொல்லிக் குடிச்சேன். அப்புறம் வந்து தேய்ச்சேன். இனி அது ஒண்ணுக்கும் ஆகாது.

டெஸ்ட் வேண்டாம். என் புள்ளையாவே இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வந்துடறேன். இதைப் பத்தி இனி நாம பேச வேண்டாம்.

ஸ்டார் கட்டறதுக்கு ஸ்டூல் மேல நீ ஏறாதே. உங்கப்பாவை ஏறச் சொல்லு.

ஜெர்சன்


அருவங்காடு
12 நவம்பர் 2023

மாமா,

படிச்சுட்டு ஒரு நாள் பூரா பறந்தேன். பொய் சொல்ல மாட்டேன். கடுதாசியைத் தலையணைக்கு அடியில வெச்சுட்டுத் தூங்கினேன். அடுத்த நாள் திரும்பப் படிச்சேன். 'இனி பேச வேண்டாம்'னு எழுதியிருந்தீங்க பாருங்க, அங்க நின்னுட்டேன். அதுவும் ஒரு அழிச்ச மெசேஜ்தானேங்க?

குச்சியை எடுத்துட்டு ஸ்வேதாகிட்டப் போனேன். டீ விஷயத்தைச் சொன்னேன். "அதனால என்னக்கா, பல நேரம் டீ குடிச்சிருந்தாலும் ரிசல்ட் வந்துடும். அவர் சம்மதம்னா கொடுங்க"னு கையை நீட்டினா.

கொடுத்திருக்கலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனா நீங்க வேண்டாம்னு சொன்ன பின்னாடி உங்க எச்சியை வெச்சு உண்மையைத் திருடறது எனக்குப் புடிக்கல. ஏற்கனவே உங்களுக்குத் தெரியாம ஒண்ணு பண்ணினவ நான். ரெண்டாவது வேண்டாம். வீட்டுக்கு வந்து அடுப்புல போட்டுட்டேன்.

எனக்கு நீங்க வேணும் மாமா. சாயங்காலம் ஆனா ரோட்டுக்கு வந்து நிக்கறேன். மேட்டுப்பாளையத்துலேருந்து ஏறி வர்ற ஒவ்வொரு வண்டியையும் ஹாரன் வெச்சே எந்த டிப்போனு சொல்லிடுவேன். ஒண்ணுலயும் நீங்க எறங்கறதில்ல. அப்படி ஏங்கிக் கிடந்தும் சொல்றேன், பாவம் பார்த்து வராதீங்க. நீங்க கண்ணை மூடிட்டு நடந்தா, வழி பூரா நான்தான் கையைப் புடிச்சுட்டு நடக்கணும். எனக்குக் கை வலிக்கும்.

இனி குச்சி அனுப்ப மாட்டேன். டிசம்பர் 9 சனிக்கிழமை எனக்குக் குன்னூர்ல செக்கப். முடிச்சுட்டு லேப்புக்கு எதிர்ல இருக்கற பேக்கரி பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். மனசிருந்தா நீங்களே வந்து ஸ்வேதா முன்னாடி கொடுங்க. மனசில்லேன்னா கிறிஸ்துமஸுக்கும் வர வேண்டாம். அத்தைகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிக்கறேன்.

அந்த இன்னொரு மெசேஜ் என்னனு இன்னும் நீங்க சொல்லல.

கெஸியா


பர்லியார், பஸ்ஸுக்குள்ள
9 டிசம்பர் 2023

என் கெஸிக்கு,

உன் பதிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்து எட்டுப் பத்துக் காயிதம் கிழிச்சேன். பேப்பர்லயும் அழிக்க முடியும் கெஸி, உனக்குத்தான் தெரியல.

பஸ் இங்க டீக்கு நிக்குது. எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் எறங்கல. மழை பெஞ்சு வெளிய ஒரே புகையாட்ட இருக்குது, கடையில பால் பொங்கற வாசம் ஜன்னல் வழியா வருது. பக்கத்து சீட்டுப் பெரியவர், "ஏந்தம்பி, டீ குடிக்கலயா? குளிருக்கு எதமா இருக்குமல்ல?"ன்னார். "டாக்டர் வேண்டாம்னுட்டாங்க"ன்னேன். "இந்த வயசுலயா!"னு என் தோளைத் தட்டிக் கொடுத்துட்டுப் போனார்.

அந்த மெசேஜ், 'கலைச்சுடு'.

போட்டேன். ரெண்டு டிக் விழுந்துச்சு. நீலமாகறதுக்குள்ள அழிச்சேன். நீ பார்த்துட்டியோனு இன்னிக்கு வரைக்கும் பயம். உதைச்சுதுன்னு நீ எழுதினப்ப, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னவன் நான்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குமோனு தோணுச்சு. அதான் டீயைக் குடிச்சேன். உன்னை மன்னிச்சுக் குடிக்கல. நீ என்னை நல்லவன்னு நினைச்சு அழுதுட்டு, மேற்கொண்டு ஒண்ணும் கேக்காம இருக்கணும்னு குடிச்சேன். நீ கேட்டுட்ட.

ரிசல்ட் என்னோடது இல்லேனு வந்தா நான் என்ன பண்ணுவேன்? சத்தியமா தெரியல. இருப்பேன்னு இப்பவே சொன்னா அது இன்னொரு டீ குடிச்ச மாதிரி. அந்தக் கவரைப் பிரிக்கறப்ப உன் பக்கத்துல நிக்கணும், அது மட்டும் தெரியுது. வேற எங்கயாவது நின்னு தெரிஞ்சுக்க எனக்கு முடியாது.

மலை ஏற ஏற உன் வாசம் அடிக்குதுனு எழுதுனா நீ நம்ப மாட்டே, அது பச்சைத் தேயிலை வாசம்னுவே. இருக்கட்டும். எட்டு மாசமா ரெண்டும் எனக்கு இல்ல.

நேர்ல பார்த்தா எனக்குப் பேச வராது. அதனால இதை உன் கையில கொடுத்துட்டு நேரா லேப்புக்குள்ள போயிடுவேன். நான் குச்சியைத் தேய்ச்சுட்டு வெளிய வர்றதுக்குள்ள படிச்சு முடிச்சுடு. படிச்ச பின்னாடி எந்திரிச்சுப் போகணும்னு தோணுச்சுன்னா போயிடு, நான் கூப்பிட மாட்டேன்.

நீ அந்தப் பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தா, ரெண்டு டீ சொல்லி வை.

கண்டக்டர் விசில் அடிக்கறார்.

ஜெர்சன்