நீ சொல் எழுதாத பாட்டு

மழைக்காலம் முழுவதும் மூடிக் கிடந்த ஆம்ப்ளிஃபயரை இன்று மாலை போட்டேன். சூடேறியதும் தூசி கருகும் வாசனை வந்தது. உடனே உன் தும்மல் காதில் கேட்டது. ஒவ்வொரு பயிற்சியையும் நீ தும்மித்தான் தொடங்குவாய்.

நம் தீவின் அபர்டீன் பஜாரில் செருப்புக்கடைக்கு மேலே இருக்கும் இதே அறையில்தான் நாம் நால்வர் இசைக்குழு ஆரம்பித்தோம். பிரிட்டனின் ட்ரீம் பாப் குழு ஒன்றை எனக்குக் கேட்கக் கொடுத்தவள் நீதான். கிடார் மூடுபனிபோல் பரவும். பாடுகிறவளின் குரல் அதற்குள்ளிருந்து மங்கலாக வரும்.

"வார்த்தையே புரியலையே" என்றேன்.

"புரியாட்டி என்னா? அழுகை வருதுல்ல?" என்றாய். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த உனக்கு அந்தச் சத்தம் எப்படிப் பிடித்துப்போனதோ.

அந்தக் குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்களாம். நமக்கும் அதே கதைதான். டிரம்ஸ் வாசித்த தபஸுக்குக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல். பேஸ் கிடார்காரன் படிக்க மெயின்லேண்ட் போனான். அவனுக்குப் பின் வந்தவள் கல்யாணமாகிப் போனாள். ஒவ்வொரு முறையும், கலைத்துவிடலாம் என்பேன். "அரே, டென்ஷன் எடுக்காத. வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுத்துக்கலாம்" என்று, புதியவரை உட்காரவைத்து முதல் பாட்டிலிருந்து தொடங்குவாய்.

பிறகு உனக்கே தெற்குக் கடைசித் தீவில், கேம்பல் பே பள்ளிக்கு மாற்றல் வந்தது. நினைத்தால் வந்துபோகிற தூரமா அது? போனில் பாடி அனுப்பினாய்.

ஒருநாள் போனில், காய்ச்சல் என்றாய். மூன்றாம் நாள் மூச்சுத் திணறியது. உன்னை இங்கே கொண்டுவர ஹெலிகாப்டர் தயாராக இருந்தது. அங்கே மழை விடவில்லை.

"அங்கயும் மழையா?" என்று கேட்டாய்.

"இல்ல, நல்ல வெயில்."

"அப்ப வந்துருவாங்க."

போனைப் பிடித்தபடி அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் மழை. வானம் தெளிந்தபோது நீ இல்லை.

தபஸ் இப்போது திரும்பி வந்துவிட்டான். இன்று ஒரு பெண்ணைப் பாட அழைத்து வந்தான். நல்ல குரல். காய்ச்சலுக்கு முன் நீ அனுப்பிய கடைசி மெட்டை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். வெறும் முனகல்தான், சொற்களை அப்புறம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாய். அவள் நோட்டைத் திறந்துவைத்து, "வார்த்தை சொல்லுங்கண்ணா, எழுதிக்கிறேன்" என்றாள்.

நானும் தபஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "நீயே எழுது பாய்" என்கிறான் அவன். மெட்டு முழுவதும் எனக்கு மனப்பாடம். பேனாவை எடுத்தால், நீ எழுதியிருக்கக்கூடிய ஒரு சொல்கூட வரமாட்டேன் என்கிறது.