நன்றி வேறு, சரி வேறு

ஜூலை 9, செவ்வாய்

கம்பெனி பஸ் இன்றைக்கும் தாமதம். வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் நின்று நின்று கால் கடுத்துப்போனது. கங்கைகொண்டான் போய்ச் சேர்வதற்குள் மீட்டிங் பாதி முடிந்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

காலையில் மாமா வழக்கம்போல லேப்டாப்பும் கையுமாக இருந்தார். டெலிபோன் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு 'நிரல் சாவடி'யில் சேர்ந்தவர். புரோகிராம் எழுதுகிறவர்கள் தமிழில் சந்தேகம் கேட்டு, தமிழிலேயே பதில் வாங்கிக்கொள்கிற தளம் அது. அங்கே அவர் ஆவுடைநாயகம் இல்லை, 'அண்ணாச்சி'. மதிப்பெண் பட்டியலில் என்றைக்கும் முதல் ஆள். கேட்டவர் ஒரு பதிலை ஏற்றுக்கொண்டால் பக்கத்தில் பச்சை டிக் விழும். மாமாவுக்கு டிக் விழுந்த அன்றைக்கு அத்தைக்கும் யோகம்தான். "நாயகி, இன்னைக்கு காப்பி பிரமாதம்லா!" அதே தூள், அதே பால்.

கிண்டல் பண்ணுகிறேனே தவிர, இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குப் பேச்சுத்துணை அவர்தான். மாமனாரோடு உட்கார்ந்து லூப்பும் ஃபங்ஷனும் பேசுகிற மருமகள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 11, வியாழன்

பக்கத்து சீட் மதார் மத்தியானம் சோற்றைத் தொடவே இல்லை. என்னடா என்றால் மெதுவாகச் சொன்னான்.

அவன் அண்ணன் ரசீத் மேலப்பாளையத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். எந்த மருந்துக்கு முதலில் தேதி முடிகிறது என்று வரிசையாகக் காட்ட மதார் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். அந்த வரிசை தப்பாக இருந்திருக்கிறது. தேதி முடிந்த சிரப் ஒன்று கைக்குழந்தைக்கு விற்பனையாகிவிட்டது. நல்லவேளை, அந்தத் தாய் ஊற்றிக் கொடுப்பதற்கு முன்னால் பாட்டிலைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கடை வாசலில் ஒரே கூட்டம், ஒரே சத்தம்.

"அண்ணன் என் மூஞ்சில முழிக்க மாட்டுக்கான். வாப்பா காலத்துக் கடை, சுப்ரஜா."

"அந்த புரோகிராமை எங்கன இருந்து எடுத்தே?"

"சாவடிலதான். பச்சை டிக் போட்டிருந்துச்சு. அண்ணாச்சி பதில்."

அந்த அண்ணாச்சி என் மாமனார் என்று அவனுக்குத் தெரியாது.

ஜூலை 14, ஞாயிறு

அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். தேதிகளை எழுத்துகளாகவே வைத்து வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறார் மாமா. வருடம் முன்னால் வரும்படி எழுதியிருந்தால் அது சரி. நம் ஊரில் யார் அப்படி எழுதுகிறார்கள்? நாள், மாதம், அப்புறம்தான் வருடம். அப்படி எழுதினால் டிசம்பர் ஐந்தாம் தேதி அதே வருடத்து ஜனவரி பத்தாம் தேதிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கீழேயே பார்கவி என்று ஒருவர் சரியான பதிலை எழுதியிருக்கிறார். மூன்று வருடமாக ஒரு ஆள் சீண்டவில்லை!

கேள்வி கேட்டவர் கார்த்திகேசன் என்பவர். புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டீர்களா என்று செய்தி அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன்: "ஓட்டிப் பாக்கலை மேடம். அவ்வளவு பெரிய ஆளு நம்ம கேள்விக்கு வந்து பதில் சொல்லியிருக்காவ, டிக் போடாம விட்டா மரியாதையா இருக்குமா? பொறவு ஓட்டிப் பாத்தப்போ எனக்கு பார்கவி மேடம் சொன்னதுதான் ஓடிச்சு."

படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. கல்யாண வீட்டில் பெரியவர்களுக்கு முதல் பந்தியில் இலை போடுகிற மாதிரி டிக் போட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி இன்னும் எத்தனை பச்சை டிக்?

ஜூலை 15, திங்கள்

மாமாவிடம் சொல்ல மூன்று தடவை ஹாலுக்குப் போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 20, சனி

எழுதிவிட்டேன். சாவடியில் 'ஆலோசனைகள்' என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில். என் பெயரில் இல்லை. 'அரைப்புள்ளி' என்று ஒரு புதுக் கணக்கு. கோழைத்தனம்தான், தெரிகிறது.

நான் கேட்டது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஒரு டிக் இருக்கிற இடத்தில் இரண்டு பொத்தான். ஒன்று 'நன்றி': பதில் சொன்னவரை மதிக்க, வந்தவுடனே போடலாம். இன்னொன்று 'சரி': ஓட்டிப் பார்த்தவர்தான் போட முடியும், எதில் ஓட்டினார், என்ன வந்தது என்று ஒரு வரி எழுதினால்தான் விழும். கேட்டவர் மட்டும் இல்லை, ஓட்டிப் பார்த்த யார் வேண்டுமானாலும் போடலாம். மதிப்பெண் 'சரி'க்கு மட்டும்தான்.

கடைசி வரியை எழுதும்போதுதான் கை நின்றது. பழைய டிக் எல்லாம் நன்றியாக மாற வேண்டும். அப்படி மாறினால் பட்டியலில் முதலில் இறங்கப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாதா? அந்த வரி இல்லாமல் அனுப்பினால் மதாருடைய சிரப் கதை திரும்பவும் நடக்கும். அனுப்பிவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

தோசைக் கல்லில் இருந்ததைவிட மாமாவிடம் சூடு அதிகம்.

"எவனோ ஒருத்தன் அரைப்புள்ளியாம்! முழுப்புள்ளியா இருந்தா என்ன பேச்சுப் பேசுவானோ. நேத்து முளைச்ச பய, டிக்கை எல்லாம் எடுக்கணுமாம்லா!"

என் வீட்டுக்காரர் சிவகணேஷுக்கு விஷயம் தெரியும். சட்னியைப் பார்த்துக்கொண்டே, "நல்லா நாலு வார்த்தை கேளுங்கப்பா" என்றார். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

மாமா நீளமாக மறுப்பு எழுதியிருக்கிறார். கோபம் இருந்தாலும் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு இடம் என்னை உறுத்துகிறது. 'சம்பளம் இல்லை, பதவி இல்லை. பதில் சொல்ல வருகிறவனுக்கு இருப்பது அந்த ஒரு டிக்தான். அதையும் எடுத்துவிட்டு அவனை ஏன் வரச் சொல்கிறீர்கள்?' கீழே இருபது பேர் 'அண்ணாச்சி சொல்வதே சரி' என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் முழுக்கப் படித்தார்களோ.

சாயங்காலம் தளத்தை நடத்துகிற ஹரிநாராயணன் அம்பாசமுத்திரத்திலிருந்து கூப்பிட்டார். அரைப்புள்ளி கணக்கில் நான் கொடுத்திருந்த நம்பருக்கு. பெண்குரல் கேட்டதும் ஒரு நொடி தடுமாறினார்.

"உங்க யோசனை அருமையா இருக்கு மேடம். ரெண்டு வாரத்துல செஞ்சிரலாம். ஆனா அண்ணாச்சி வேண்டாம்னு சொல்லியிருக்காரே. அவரை மீறி எப்படிச் செய்யறது? அவர் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

மரியாதையையும் சரியையும் பிரிக்கிறதுக்கே மரியாதைக்காகக் காத்திருக்கணுமா! தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆக, எல்லாம் எங்கள் வீட்டு ஹாலில்தான் முடிவாகணும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அத்தை எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், புளிச்சாதம் என்று கட்டிக்கொள்ள, எல்லோரும் குறுக்குத்துறை ஆற்றங்கரைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் சுமார்தான், கூட்டத்துக்குக் குறைவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அத்தையும் சிவகணேஷும் கோயில் பக்கம் போனார்கள். மாமாவும் நானும் படியில்.

முதலில் மெடிக்கல் ஷாப் கதையைச் சொன்னேன். யார் பதில் என்று சொல்லவில்லை. 'தேதி' என்றதுமே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. முகம் சுண்டிப்போனது.

"நான் சொன்னது வருஷம் முன்னால வர்ற தேதிக்கு. அந்தப் பிள்ளை நல்லாருக்கா?"

"நல்லாருக்கு மாமா. குடுக்கலை."

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று, "அரைப்புள்ளி நான்தான் மாமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"ஒரே வீட்டுல இருக்கோம். தோசை போடும்போது சொல்லியிருக்கலாம்லா. ஊருக்கு முன்னாலயா சொல்லணும்?"

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்டுல சொன்னா கேட்டிருப்பீங்களா?"

யோசித்தார். மனுஷர் பொய் சொல்லவில்லை. "மாட்டேன்" என்றார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு தனியே நடந்தார்.

ஆகஸ்ட் 7, புதன்

பேச்சு இல்லை. காப்பியை வைத்தால் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அத்தை என்னடாவென்றால், "ரெண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டர் பேச்சை விட்டிய. எனக்குக் காது குளுந்து போச்சு" என்கிறாள். அழுவதா சிரிப்பதா.

நான் செய்தது தப்பா? சொன்ன விஷயம் தப்பில்லை. ஒளிந்துகொண்டு சொன்னது தப்பு. இதை எத்தனை தடவை எழுதினாலும் மனசு ஆறவில்லை. அவருக்குப் போக வேற இடம் ஏது? அந்தச் சாவடியை விட்டா?

ஆகஸ்ட் 14, புதன்

மதார் ஓடி வந்தான். கண் எல்லாம் பளபளப்பு.

"ஏன் சுப்ரஜா, அண்ணாச்சி உன் மாமனாரா? நீ சொல்லவே இல்லையே! நேத்து கடைக்கே வந்துட்டாரு."

மேலப்பாளையத்தில் விசாரித்து விசாரித்து ரசீத் கடையைக் கண்டுபிடித்துப் போயிருக்கிறார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, தப்பு உங்க தம்பி மேல இல்ல. நான் சொன்ன பதில்தான் தப்பு" என்று நேராகவே சொல்லியிருக்கிறார். ரசீத் பதறிப்போய் டீ வாங்கி வரச் சொன்னாராம். மாமா டீயைக் குடித்துவிட்டு, பார்கவி எழுதிய புரோகிராமைப் போட்டு, அலமாரியில் இருந்த பாட்டில்களை எடுத்துத் தேதியை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

"அண்ணன் நேத்துதான் என்கூட உக்காந்து சாப்பிட்டான்" என்றான் மதார்.

வீட்டுக்கு வந்தால் மாமா இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்று மட்டும் சொன்னார். பேசிவிட்டார்!

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாவடியில் மாமா எழுதியது: 'அரைப்புள்ளி சொன்னதை ஏற்கிறேன். என் பதிலை நம்பி ஒரு கடையில் நடக்கக்கூடாதது நடக்க இருந்தது. பழைய டிக்கை மாற்றும்போது முதலில் என்னுடையதிலிருந்து ஆரம்பிக்கவும்.'

அதற்கும் கீழே 'அண்ணாச்சி சொல்வதே சரி' என்று எழுதியிருக்கிறார்கள், போன மாதம் எழுதிய அதே ஆட்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாற்றம் வந்துவிட்டது. இரண்டு பொத்தான், ஓட்டிப் பார்த்த ஒரு வரி, எல்லாம் நான் கேட்டபடி. அதற்குள் விழுந்த 'சரி'களில் பட்டியலின் முதல் பெயர் பார்கவி. மாமாவைத் தேடினேன், இரண்டாம் பக்கத்தில் இருந்தார். நன்றிகள் மட்டும் மலை மாதிரி.

அவர் லேப்டாப்பைத் திறந்து இதைப் பார்த்தார். மூடினார். பிள்ளையாருக்குச் செய்ததில் மிச்சம் இருந்த கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். ஹரிநாராயணன் எனக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கிறார். ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லை எனக்கு.

அக்டோபர் 1, செவ்வாய்

லேப்டாப் மேல் தூசி. துடைத்து வைத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் நடக்கப் போகிறார், பேப்பர் படிக்கிறார், கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று அத்தையிடம் நச்சரிக்கிறார். "உன் மாமாவைத் திரும்ப அந்தச் சாவடிக்கே அனுப்பி வையேன், புண்ணியமாப் போகும்" என்கிறாள் அத்தை. விளையாட்டாகத்தான் சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்கிறது. அந்த ஒரு டிக்கையும் எடுத்துவிட்டால் பதில் சொல்கிறவன் ஏன் வர வேண்டும் என்று அவர் கேட்டதற்கு நான் கடைசி வரை பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இரண்டு நாளாக அடைமழை. சமையலறையில் நின்றுகொண்டே போனில் சாவடியைப் பார்த்தேன். புதுக் கேள்வி ஒன்று. கேட்டவர்: அண்ணாச்சி.

இத்தனை வருடத்தில் அவர் அங்கே ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில்தான். 'பாபநாசம் அணை நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்த்துக் குறித்து வரைபடம் போடுகிறேன். பேப்பர் வராத நாளில் கோடு தரைக்கு இறங்கிவிடுகிறது, அணையே வற்றிப்போன மாதிரி. என்ன செய்வது?'

மனுஷர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் கேட்கிற தூரம். என்னிடம் கேட்டிருக்கலாம். ஊருக்கு முன்னால் கேட்டிருக்கிறார்.

குழம்பை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே பதில் எழுதினேன். சுப்ரஜா என்று என் பெயரிலேயே.

நவம்பர் 18, திங்கள்

காலையில் பார்த்தேன், 'நன்றி' விழுந்திருந்தது. 'சரி' விழவில்லை. பஸ்ஸில் போகும்போது மூன்று தடவை பார்த்தேன். மத்தியானம் பார்த்தேன். அட, எனக்கே இப்படி அரிக்கிறதே!

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்மா, இங்கன வா" என்றார் மாமா. திரையில் வரி வரியாகச் சிவப்பு எழுத்து.

"நன்றி நேத்தே போட்டுட்டேன். ஆனா ஓட்டிப் பாத்தா ஓடலையே. பேப்பர் வராத அன்னைக்கு இடத்தை வெறுமையா விட்டிருப்பேன்னு நீயா நினைச்சுக்கிட்டே. நான் நம்பருக்குப் பதிலா சின்னதா ஒரு கோடு போட்டு வைப்பேன். என்னத்தை எழுதி வச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிலைத் திருத்திப் போட்டேன். அத்தை காப்பி கொண்டு வந்து வைத்தாள், அது ஆறிப்போனது.

இதை எழுதும்வரை 'சரி' விழவில்லை. மாமா இன்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.