சணல் சுற்றும் பிடி

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

இன்று மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பில், இழையும் பிசினும் சேர்ந்த கம்போசிட் பாடத்தைத் தொடங்கினேன். இழை இழுவையைத் தாங்கும், பிசின் இழைகளை விலகாமல் பிடித்துக்கொள்ளும் என்றேன். கேஸ் சிலிண்டர் மேல் கண்ணாடி இழை சுற்றுவதைப் படம் போட்டுக் காட்டினேன்.

"எல்லா இழையும் ஒரே பக்கமா ஓடினா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

தாயில்பட்டி மாரிசெல்வி எழுந்தாள். "இழை இல்லாத பக்கமா பிச்சுக்கிரும் சார். எங்கம்மா பட்டாசுக் கம்பெனில ஆட்டம்பாமுக்குச் சணல் சுத்துறாக. குறுக்க மறுக்கச் சுத்தாட்டி புஸ்ஸுனு போயிரும்."

பின் பெஞ்சில் சிரித்தார்கள். நான் முதல்முறை கேட்பவன்போல "அப்படியா!" என்றேன்.

ரெக்கார்டு நோட்டுக் கட்டிலிருந்த சணலை அவிழ்த்துக் கொடுத்து, சாக்பீஸ் டப்பாவில் சுற்றிக் காட்டச் சொன்னேன். அவள் சுற்றும்போது முனை நழுவியது. யோசிப்பதற்குள் நான் அதை வாங்கிவிட்டேன். முனையை இடது கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, சணலை அசைக்காமல் டப்பாவை மட்டும் உருட்டினேன். நாலு சுற்றில் இறுகிவிட்டது.

மாரிசெல்வி டப்பாவைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்தாள்.

"சார், இந்தப் பிடி எங்கன பழகுனீக?"

"புத்தகத்துல பாத்ததும்மா."

"சரிங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் நம்பவில்லை. காட்டிக் கொடுக்கவும் இல்லை.

அந்தப் பிடியை எனக்குப் பழக்கியது அம்மா. அதே சணல், அதே வேலை. லீவு நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சுற்றியிருக்கிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

டப்பா வகுப்பு மேசையில்தான் இருக்கிறது. நாளை முதல் பீரியட் அவர்களுக்குத்தான்; பிடியைப் பழக்கியது யாரென்று அப்போது சொல்லிவிட வேண்டும்.