பின்னால் ஓர் இடம்

என் மகராசிக்கு,

நான்கைந்து நாள் மலைச்சுற்று முடிந்து வந்ததும் இதைப் படி.

நீ பைக்கில் சாய்ந்து சிரிக்கும் போட்டோ வந்தது. எடுத்தது யாரென்று நான் கேட்கவில்லை. நீதான் போனில், "எங்க பைக் குழுவுல வர்ற பல் டாக்டர்தாங்க எடுத்தாரு. மண் ரோட்டுல செயின் கழண்டப்பவும் அவருதான் மாட்டிக் கொடுத்தாரு" என்றாய். பல் டாக்டருக்குச் செயினில் என்ன வேலை?

எனக்கொன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

பைக் என்றாலே எனக்கு உதறும். நீ கூப்பிட்டபோதெல்லாம், "நீ போய்ட்டு வாம்மா" என்று சொன்னவன் நான்தான். இன்று பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தெருமுனை வரை போனேன். "விடுங்க சார், மூச்சு முட்டுது" என்று அவர் கத்திவிட்டார்.

அடுத்த மலைக்கு நானும் வருகிறேன். மெதுவாக ஓட்டுவாயா?

உன் வீட்டுக்காரன்