அவர் சாந்தமாக இருந்த மாதங்கள்

14 ஜூன் 1959
இன்றும் என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது. 220 இருந்தது 150க்கு வந்துவிட்டது. ரிசர்பின் மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார் நம்மூர் டாக்டர். இவருடைய அக்கா ஜெய்தூன் மதினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி கத்துவதில்லை, தட்டைத் தள்ளுவதில்லை. தான் ஹக்கீமிடம் வாங்கிவந்து ராத்திரிப் பாலில் கலக்கும் பொடிதான் காரணம் என்கிறார். அதுவும் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தான். இங்கிலீஷ் மருந்து நோய்க்கு, ஹக்கீம் மருந்து உடம்புக்கு.

2 ஜூலை
மூக்கடைப்பு. வயிறு இளகிப் போகிறது. நாடி மெதுவாக அடிக்கிறது.

19 ஜூலை
எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் ஒரு லாரி ஆட்டுத்தோல் அழுகிவிட்டதாம். மேஸ்திரி பீர் முகமது, இவருடைய சின்னத்தா மகன், தம்பி முறை, நடுங்கிக்கொண்டே வந்து சொன்னான். இவர் "சரி" என்றார். அவ்வளவுதான். பிறகு பீர் முகமது அடுப்படி வாசலில் வந்து நின்று, "அண்ணன் திட்டலையே மதினி, எனக்குப் பயமா இருக்கு" என்றான். நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரித்தேன்?

6 ஆகஸ்ட்
விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. மதினி சொல்கிறார்: "தம்பிக்கு அல்லா மேல நாட்டம் வந்திருச்சு. நீ எடையில போயி கெடுக்காத." தொழுகைக்கும் எழுவதில்லையே, அதை யார் பார்க்கிறார்கள்?

23 ஆகஸ்ட்
பீர் முகமது கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி விளிம்பில் வெகுநேரம் நின்றிருந்தாராம். நான் கேட்டதற்கு, "எம்புட்டு ஆழம்னு பாத்தேன்."
அந்தத் தொட்டிகளைக் கட்டியவரே இவர்தான். ஆழம் தெரியாதா?
எழுத முடியல.

26 ஆகஸ்ட்
மதுரை. இளவயது டாக்டர். வேறென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மதினி பெருமையாகப் பொட்டலத்தை நீட்டினார். ஹக்கீம் சொன்ன பெயர் அஸ்ரோல். டாக்டர் நாக்கில் வைத்துப் பார்த்தார். அது சர்ப்பகந்தி வேர். ரிசர்பின் எடுப்பதும் அதே வேரிலிருந்துதான். இரண்டு பக்கமிருந்தும் ஒரே மருந்தைக் கொட்டியிருக்கிறோம்.
செரடோனின் என்று ஒரு பொருளாம். பெரும்பகுதி குடலில், கொஞ்சம் ரத்தத்தில், துளியளவு மூளையில். ரிசர்பின் அதை இருப்பிலிருந்து காலி செய்துவிடுகிறது. முயல்களில் பார்த்திருக்கிறார்கள். மனம் இருண்டதற்கு அதுதான் காரணமா என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். நான் விலங்கியல் படித்த காலத்தில் இந்தப் பெயரே கிடையாது.
பொடியை மட்டும் நிறுத்தினால் போதாது, மாத்திரை ஒன்றே இந்த இருட்டைத் தொடரவைக்கலாம் என்றார். அதையும் நிறுத்தினால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம். தொடர்ந்தால் – தொட்டி. இவருக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மருந்து கைவசம் இல்லை. இவரையே கேட்டோம். "உன் இஷ்டம்" என்றார். இஷ்டம் என்று ஒன்று அவரிடம் இருந்தால்தானே அவர் சொல்ல.
இரண்டையும் நிறுத்துகிறோம் என்றேன்.

21 செப்டம்பர்
இன்று வெஞ்சனக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "இத மனுசன் திம்பானா?" என்றார். அடுப்படிக்குள் போய் அழுதேன்.

4 அக்டோபர்
பிரஷர் 210. பாதி மாத்திரையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "அந்த இருட்டுக்குள்ள திரும்ப என்னைய எறக்காத. வாரது வரட்டும்."

12 நவம்பர்
அவர் போய்விட்டார். இத்தா இருக்கிறேன், வெளி ஆண் முகம் பார்க்காமல். டாக்டர் சொன்னபடியேதான் ஆனது. மதினி என்னோடு பேசுவதில்லை. பேசியது ஒன்றே: "மாத்திரைய நிறுத்தினவ நீதானே." ஆமாம் என்றேன்.
பீர் முகமது வந்தான். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். பிறகு, "விழுறதுக்குச் செத்த நேரம் முன்னாடிகூட என்னைய வஞ்சாரு மதினி" என்றான்.
என்ன சொல்லி வைதார் என்று கேட்டேன். கெட்ட வார்த்தையெல்லாம் இருக்கு என்று தயங்கினான்.
ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன்.