குடைக்குள் இருந்த முகம்

ஞாயிறு இரவு. கர்க்கடக மாத மழை விடவில்லை.

என் காமிக்ஸிலிருந்து எடுத்த படத்தை நாளையோடு தியேட்டரிலிருந்து தூக்குகிறார்கள். பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைத்ததெல்லாம் வீண். இன்று மதியக் காட்சிக்கு அண்ணா மகள் மீனுவோடு போனேன். எங்களைத் தவிர, மழைக்கு ஒதுங்கிய சிலர்தான்.

என் காமிக்ஸ் நாயகன் குடைக்காரனின் முகத்தை நான் ஒருபோதும் வரைந்ததில்லை. எப்போதும் குடை மறைத்திருக்கும். படிக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய முகத்தை அங்கே வைத்துக்கொண்டார்கள். "மொகம் காட்டாத ஹீரோவுக்கு ஆரு டிக்கெட் எடுப்பா சாரே?" என்றார் டைரக்டர். நானும் தலையாட்டினேன். முதல் காட்சியிலேயே நடிகர் குடையை வீசிவிட்டுச் சிரிக்கிறார்.

இடைவேளையில் மீனு கேட்டாள்: "சித்தப்பா, குடைக்காரன் எப்போ வருவான்?"

"இத்தனை நேரம் பாத்தோமே, அவன்தான்டி."

"அது வேற ஆளாக்கும்."

கடைசிவரை அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

படம் ஓடாததுகூடப் போகட்டும். வீட்டுக்கு வந்து அடுத்த இதழுக்கு வரைய உட்கார்ந்தேன். தெரு வந்தது, மழை வந்தது, குடையும் வந்தது. குடைக்குக் கீழே நான் எதையும் வரையவில்லை. ஆனாலும் அந்த நடிகர் அங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறார். குடையை இன்னும் தாழ்த்தி வரைந்து பார்த்தேன். போக மாட்டேன் என்கிறார்.