வெறும் சீட்டு

மார்ச் 4
இன்று சீட்டு வெறுமையாக வந்தது. காலை ஆறரைக்குச் சமையலறை அலமாரி மேல் இருக்கும் பில் பிரிண்டர் வழக்கம்போல 'கர்ர்' என்றது. காகிதம் வந்து விழுந்தது. எழுத்து இல்லை.

என் மனைவி இறந்து ஐந்து மாதம். தினம் ஒரு வரி எனக்கு வருகிற மாதிரி அவள் கணினியில் செய்துவைத்த ஏற்பாடு இது. அந்தப் பிரிண்டருக்குத் தமிழ் வராது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருப்பாள். 'ஹெல்மெட் எங்கே?' ரகம். அவள் போன பிறகு வந்த ஒன்றையும் நான் படித்ததில்லை. பிரிண்டரிலிருந்து கிழித்தெடுத்து, கவிழ்த்து, இழுப்பறையில் போடுவேன். ஆனால் வரவேண்டும்.

மார்ச் 5
வெறும் சீட்டு.

மார்ச் 6
சுருளை மாற்றினேன், பிரிண்டர் தலையைத் துடைத்தேன். பட்டனை அழுத்திப் பிடித்தால் சோதனைச் சீட்டு பளிச்சென்று வருகிறது. அப்படியானால் கோளாறு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவள் கணினியில். லினக்ஸாம். கறுப்புத் திரை, மௌஸ் இல்லை, படம் இல்லை. ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது. எட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டின் முன்னாலும் இப்படி விழித்துக்கொண்டு நின்றதில்லை.

மார்ச் 9
அவளோடு வேலை பார்த்த பெண்ணை போனில் பிடித்தேன். என் மனைவி அவளுக்கு வைத்த பெயர் சோடாபுட்டி. கண்ணாடி அப்படி.

"அண்ணே, நான் வந்தா அஞ்சு நிமிஷ வேலை."

வேண்டாம் என்றேன். வேறு கை அதில் படக்கூடாது.

"அப்ப நீங்களே கத்துக்கங்க. ls-னு அடிங்க. உள்ள என்னென்ன இருக்குன்னு காட்டும்."

அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்.

"பெரிய எழுத்துல அடிச்சீங்களா? அதுக்குப் பெருசு வேற, சின்னது வேற."

மனுஷனா இருந்தா புரிஞ்சுக்கிட்டிருப்பான்.

மார்ச் 11
எதையோ திறக்கப் போய் எதற்குள்ளோ மாட்டிக்கொண்டேன். வெளிய வர வழியே இல்ல. எஸ்கேப், எண்டர், இருக்கிற எல்லாத்தையும் குத்தினேன். லிஃப்ட்ல மாட்டினவங்க ஏன் எல்லா பட்டனையும் அப்படிக் குத்துறாங்கன்னு இன்னிக்குத்தான் புரியுது.

கடைசியில் என் தொழில் சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன்: கை வைக்கும் முன் மெயினை அணை. பிளக்கைப் பிடுங்கினேன். கைப்பழக்கம் — 'ஆள் வேலையில் இருக்கிறார்' சிவப்பு அட்டையையும் அதன் மேல் தொங்கவிட்டேன்.

மார்ச் 12
இன்று 'கர்ர்'கூட இல்லை. மெஷின் அணைந்து கிடந்தால் எப்படி வரும்? நான்தானே அணைத்தேன்.

மறுபடி போட்டால் பாஸ்வேர்ட் கேட்கிறது. இதுவரை கேட்டதே இல்லை. அவள் திறந்தபடி விட்டுப் போனதை நான் மூடிவிட்டேன். ஏதாவது அடித்துப் பார்க்கலாம் என்றால் திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று முழுவதையும் கழற்றி, ஒவ்வொரு கட்டையாகத் துடைத்து, திரும்ப மாட்டி... கடைசியில் சோடாபுட்டிக்கு போன் போட்டேன்.

"பாஸ்வேர்ட் அடிச்சா நட்சத்திரம்கூடக் காட்டாதுண்ணே. அது அப்படித்தான்."

இதை முன்னாடி சொன்னா என்ன?

பாஸ்வேர்ட் அத்தைக்குத் தெரிந்திருந்தது. மகள் போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறார். "எல்லாத்துக்கும் எங்க பழைய வீட்டு போன் நம்பரைத்தான் வெப்பா, மாப்ளே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கேட்கவில்லைதான். ஐந்து மாதமாக அவரிடம் எதையுமே கேட்கவில்லை.

"நானும் ஒண்ணு கேக்கணும். டப்பாவுல கட்டிக் கொடுக்கிற சோத்தைப் பாதியோட திருப்பிக் கொண்டாறீங்களே, நாய்க்கா கட்டுறேன்?"

பாஸ்வேர்டை அடிக்க எழுந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு
கண்டுபிடித்தேன். சோடாபுட்டி போனில் வழி சொல்ல, என் மனைவி எழுதிய நிரலைப் படித்தேன். ஏழே வரி. பட்டியலின் முதல் வரியை எடு, பிரிண்டருக்கு அனுப்பு, எடுத்ததைப் பட்டியலிலிருந்து அழி.

"பட்டியல்ல எத்தன வரி இருக்குன்னு பாருங்க. wc -l."

பூஜ்யம்.

இன்னொரு முறை அடிக்கச் சொன்னாள். பூஜ்யம்தான்.

"அண்ணே... கோளாறு எதுவும் இல்ல. வரி தீந்துபோச்சு. மத்தியானம் சாப்பிடறப்ப மொத்தமா அடிச்சு வெப்பா. என்னடின்னு கேட்டா, அவருக்குன்னு சொல்லுவா."

மார்ச் 16
வெறும் சீட்டு. மெஷின் நன்றாக இருக்கிறது.

அதான் கொடுமையே.

மார்ச் 19
இழுப்பறையில் இருப்பதை எல்லாம் திரும்ப உள்ளே ஏற்ற முடியுமா என்று கேட்டேன். முடியுமாம். echo என்று போட்டு, வரியை அடித்து, பிறகு >> குறி, பிறகு பட்டியலின் பெயர்.

மார்ச் 22
நாற்பத்தோரு சீட்டு ஏற்றினேன். படிக்காமல்தான். கண் எழுத்தைப் பார்க்கும், கை அடிக்கும். நாற்பத்திரண்டாவதில் > ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு குறிதான். உள்ள இருந்த மொத்தத்தையும் அழிச்சிட்டு அந்த ஒத்தை வரிய வெச்சுக்கிட்டு நிக்குது.

கேக்க வேணாமா? நிஜமாவான்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா? எங்க லிஃப்டே கதவை மூடறதுக்கு முன்னாடி மணி அடிக்கும்.

கத்தியிருப்பேன் போல. அத்தை வந்து பார்த்தார். சிதறிக் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கி, ஓரம் சேர்த்து அடுக்கி, மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 29
முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் முறை படிக்காமல் அடிக்க முடியவில்லை.

'துணி மழையில். நீ கட்டிலில்.'
'கிரீஸ் கையோடு என் பக்கம் வராதே.'
'எங்கம்மாவுக்கு போன் பண்ணு. நான் சொன்னேன்னு சொல்லாதே.'

இதைத்தான் ஐந்து மாதம் கவிழ்த்துப் போட்டேன்.

நூற்றைம்பத்திரண்டு. எண்ணிப் பார்த்து ஒரு நகலும் எடுத்துவைத்தேன். நகலெடுக்க cp. இப்போது யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வரிசையைக் கலைத்துவிட்டேன். நாளை எது வரும் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 2
ஆறரை. கர்ர்.

அத்தைக்குக் கண்ணாடி அகப்படவில்லை. "என்னவாம்? படிங்க மாப்ளே."

படித்தேன். 'டப்பாவை மிச்சம் வைக்காமல் காலி பண்ணு. நாளைக்கும் நான்தான் கட்டணும்.'

"நான் சொல்ல வேண்டியதை எழுதி வெச்சிருக்கா" என்றார் அத்தை. மூடியை இறுக்கி டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

படிக்கட்டுக்குக் கீழே இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சிவப்பு அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேலைக்கு வேண்டும்.

சாயங்காலம் அத்தை டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. நானே வாங்கிக் கழுவி வைத்தேன்.